இலவசமாக இருந்த லேண்ட்லைனுக்கும் மோடத்துக்கும் திடீர்க் கட்டணம்: வேறு யாருக்காவது வந்திருக்கிறதா?

2025 மார்ச் 9, காலை

குலசேகரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு நேற்று வந்த ஃபைபர் இணைய பில்லில் 1,018 ரூபாய் 34 பைசா என்று போட்டிருக்கிறது. சென்ற மாதம் வரை இதே இணைப்புக்கு நான் கட்டி வந்தது 706 ரூபாய் 82 பைசா. அதாவது மாதக் கட்டணம் 599 ரூபாயும் அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும். வேகம் கூடவில்லை, திட்டத்தை மாற்றும்படி நான் கேட்கவும் இல்லை. ஆனால் பில்லின் இரண்டாம் பக்கத்தில் நான்கு புதிய வரிகள் முளைத்திருக்கின்றன: லேண்ட்லைன் வாடகை 40, மோடம் வாடகை 75, அச்சிட்ட பில்லுக்கு 50, பொழுதுபோக்குத் தொகுப்புக்கு 99. நான்கும் இலவசம் என்று சொல்லித் தரப்பட்டவை. முன்னறிவிப்பாக ஒரு கடிதமோ குறுஞ்செய்தியோ வரவில்லை.

ரப்பர் சங்கம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்பதால் பில்லை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடுகிறவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே கேட்கிறேன். இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு, நம்மைக் கேட்காமல் பின்னர் கட்டணம் வசூலிப்பது சட்டப்படி செல்லுமா? செல்லாது என்பதே என் உறுதியான கருத்து.

மார்ச் 9, இரவு

நிறுவனத்தின் பெயரைக் கேட்டு மூவர் எழுதியிருக்கிறார்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரையிலும், முடிந்த பின்னரும், பெயரை எழுதப் போவதில்லை. உங்கள் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். என் பில்லில் உள்ள வரிகள் அங்கேயும் இருந்தால் பெயர் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மார்ச் 11

‘செல்லாது’ என்று நான் எழுதியதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார் மார்த்தாண்டத்து அன்பர். ஆதாரம் இதுதான். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் எல்லா நிறுவனங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் கட்டணமுள்ள மதிப்புக் கூட்டுச் சேவை (அடிப்படை இணைப்புக்கு மேல் தரப்படும் கூடுதல் சேவை) எதையும் தொடங்கக் கூடாது. அதுவரை இலவசமாக அளித்து வந்த அத்தகைய சேவையை, அதே ஒப்புதல் இல்லாமல் கட்டணச் சேவையாக மாற்றவும் கூடாது. நம் கேள்விக்கென்றே எழுதி வைத்ததைப் போன்ற உத்தரவு அது.

அந்த உத்தரவுக்குக் காரணமாக இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு மாதம் இலவசம் என்று காலர் ட்யூனைத் தாமாகவே போட்டுவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து முப்பது ரூபாயைப் பிடித்துக்கொள்வார்கள். என் அண்ணனின் கைப்பேசியில் அவருக்கே தெரியாமல் பல மாதங்கள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நம் எண்ணை நாமே அழைத்துப் பார்ப்பதில்லை ஆகையால், நம் செலவில் ஊரார் கேட்கும் பாட்டு நமக்கு மட்டும் கேட்பதில்லை. 2013ஆம் ஆண்டில் இத்தகைய கைப்பேசிச் சேவைகளுக்கு இரட்டை ஒப்புதல், அதாவது இரண்டு முறை கேட்டு ஒப்புதல் பெறுவது, கட்டாயமான பிறகே இது அடங்கியது. அத்தகைய சேவைகளை நிறுத்த 155223 என்ற கட்டணமில்லா எண்ணும் அப்போது நடைமுறையில் இருந்தது.

இலவசம் கட்டணமாவது மட்டுமே நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. நமக்கு வரும் அழைப்பை எடுத்துப் பேசவும் கைப்பேசியில் காசு பிடித்த காலம் உண்டு. 2002இல்தான் அது ஒழிந்தது.

மார்ச் 12

பிழை திருத்தம். உள்வரும் அழைப்புகள் இலவசமானது 2003 மே 1 முதல். நேற்று 2002 என்று எழுதிவிட்டேன். அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சுட்டிக்காட்டிய தக்கலை ஆசிரியர் நான் தேர்வில் தோற்ற மாணவன் என்பதைப் போல எழுதியிருக்க வேண்டியதில்லை.

மார்ச் 14

என் முதல் குறிப்பிலிருந்த உறுதியைப் பாதியளவுக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

இணைப்புக் கொடுத்த தம்பியை நேற்று மாலை வீட்டுக்கு அழைத்திருந்தேன். அவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஊரில் கேபிள் நடத்துகிறவர், ஃபைபரையும் சேர்த்துப் பார்க்கிறார். பில்லைக் காட்டியதும் அவர் சிறிதும் அதிராமல், “சார், அது ஆறு மாசத்துக்குத்தானே ஃப்ரீ, ஃபார்மிலேயே போட்டிருக்கே” என்றார். விண்ணப்பப் படிவத்தின் நகல் என் கோப்பிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு வரிசையைப் போன்ற எழுத்தில், லேண்ட்லைனுக்கும் மோடத்துக்கும் முதல் ஆறு மாதங்களுக்கு வாடகை இல்லை என்றும், அதன் பின்னர் ‘நடைமுறையிலுள்ள கட்டணம்’ பொருந்தும் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே என் கையெழுத்து. சென்ற செப்டம்பர் 2ஆம் தேதி, மழை தூறிக்கொண்டிருக்க, திண்ணையில் நின்றபடியே நான் போட்ட கையெழுத்து. சங்கத்தில் ஒரு வவுச்சரைக் கூட இப்படி வாங்கியிருக்க மாட்டேன்.

இந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு திட்டத்தில் சேர்ந்த வாடிக்கையாளருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள் அந்தத் திட்டத்தின் எந்தக் கட்டணத்தையும் உயர்த்தக் கூடாது என்பது டிராயின் பழைய விதி. நம்மைக் காப்பதற்காகப் போட்ட வேலி அது. என் இணைப்பு செப்டம்பர் 2இல் தொடங்கியது. ஆறு மாதம் மார்ச் 1இல் முடிந்தது. மார்ச் 5ஆம் தேதியிட்ட பில்லில் புதிய வரிகள் வந்துவிட்டன. வேலி முடியும் இடத்தை நம்மைவிட அவர்கள் நன்றாக அளந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே லேண்ட்லைன், மோடம் ஆகிய இரண்டு வரிகளையும் ‘சட்டத்துக்குப் புறம்பானவை’ என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆறு மாதம் முடியப் போகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் மீதம் இருக்கிறது. நான் சொல்லும் 2005ஆம் ஆண்டு உத்தரவு மதிப்புக் கூட்டுச் சேவைகளைப் பற்றியது. மோடம் வாடகையை அதற்குள் இழுத்துக்கொண்டு வர முடியாது. இனி என் வழக்கு பொழுதுபோக்குத் தொகுப்பைப் பற்றியதும், அச்சிட்ட பில்லைப் பற்றியதும் மட்டுமே.

மார்ச் 15

அச்சிட்ட பில்லைப் பற்றிய வழக்கையும் கைவிடுகிறேன். மின்னஞ்சலில் வரும் பில் இலவசம், தாள் வேண்டுமென்றால் 50 ரூபாய் என்று சென்ற நவம்பர் மாத பில்லின் முதுகிலேயே அச்சிட்டிருந்தார்கள். பில்லின் முதுகில் எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுவது வழக்கம். அந்த அறிவிப்பின் மீது என் மனைவியின் கையெழுத்தில் ‘2 லிட்டர், பாக்கி 60’ என்று இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் இந்த பில்லை நான் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். நான்கு வரிகளும் என் கண்ணில் பட்டது தாளில் வந்ததால்தான். அந்தத் தாளுக்குத்தான் 50 ரூபாய்.

மார்ச் 18

பொழுதுபோக்குத் தொகுப்புக்கு நான் ஒப்புதல் தரவில்லை என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. நேற்றிரவு மஸ்கட்டிலிருந்து மகள் பேசியபோது பேரனிடமும் எதற்கோ கேட்டு வைத்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தபோது டிவியில் ‘60 நாள் இலவசம்’ என்று ஒரு கட்டம் வந்ததாகவும், ‘சரி’ என்பதை அழுத்தியதாகவும், அதில் ஒரு கார்ட்டூனின் மூன்று பகுதிகளைப் பார்த்ததாகவும் மிகுந்த நேர்மையுடன் சொன்னான். அவனுக்கு வயது பத்து.

கைப்பேசியின் குறுஞ்செய்திகளைப் பின்னோக்கித் தேடினேன். டிசம்பர் 27ஆம் தேதி, வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவில், ஆங்கிலத்தில் ஒன்று கிடந்தது: இலவசக் காலம் தொடங்கிவிட்டது, முடிந்த பின் மாதம் 99 ரூபாய். டிசம்பர் 27இலிருந்து 60 நாள் என்றால் பிப்ரவரி இறுதி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

என் நிலை இப்போது இது. ரிமோட்டை அழுத்தியது ஒரு சிறுவன். இணைப்பு என் பெயரில் இருக்கிறது. எனக்கு வந்த செய்தி ஒப்புதல் கேட்கவில்லை, நடந்துவிட்டதை அறிவித்தது. இலவசக் காலத்துக்கு ‘சரி’ என்று சொன்னதைக் கட்டணத்துக்கும் ‘சரி’ என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று புகாரில் எழுதியிருக்கிறேன். பேரனின் பங்கையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். மறைத்தால் வழக்கு வலுக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். கணக்கு எழுதியவனுக்கு அது பழக்கமில்லை.

மார்ச் 20

புகாருக்குப் பதில் வந்தது: ‘கட்டணம் சரியானது, புகார் முடித்துவைக்கப்பட்டது.’ இத்துடன் பலர் விட்டுவிடுவார்கள் என்பதால் அடுத்த படியை எழுதுகிறேன். 2012ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இரண்டு படிகள் இருக்க வேண்டும். முதற்படி புகார் மையம். அங்கே ஒரு புகார் எண் தருவார்கள், அதைக் கட்டாயம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிலில் நிறைவில்லை என்றால் 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அவர்கள் 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இன்று மின்னஞ்சலில் மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். ஏப்ரல் 28 வரை காத்திருக்கலாம்.

கைப்பேசிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. புகாருக்கு 198ஐ அழையுங்கள். அது கட்டணமில்லாத எண். 121 பொதுவான தகவலுக்கானது. அதில் ஊழியரிடம் பேசுவதற்கு மூன்று நிமிடத்துக்கு 50 பைசா பிடிக்கும் வழக்கம் இருந்தது. காசு ஏன் போனது என்று கேட்பதற்கும் காசு போயிற்று.

மார்ச் 27

‘வாழ்நாள் முழுவதும் அழைப்பு இலவசம்’ என்ற வாக்குறுதி என்னவாயிற்று என்று களியக்காவிளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஜியோ 2016 செப்டம்பர் 5இல் அழைப்புகளுக்குக் கட்டணமில்லை என்று சொல்லித் தொடங்கியது. 2019 அக்டோபர் 10 முதல், பிற நிறுவன எண்களை அழைத்தால் நிமிடத்துக்கு 6 பைசா என்றது. ஓர் அழைப்பு ஒரு நிறுவனத்தின் வலையிலிருந்து இன்னொன்றின் வலைக்குள் போய் முடியும்போது, முதல் நிறுவனம் இரண்டாவதற்குக் கொடுக்க வேண்டிய தொகை அது. 2017 அக்டோபரில் அதை 14 பைசாவிலிருந்து 6 பைசாவாக டிராய் குறைத்தது. 2020 தொடக்கத்தில் ஒழிப்பதாக இருந்து, ஓராண்டு தள்ளிப்போய், 2021 ஜனவரி 1இல் ஒழித்தது. அன்றே வாடிக்கையாளரின் 6 பைசாவும் போயிற்று. அழைப்பு இலவசமாக இருந்த காலத்திலும் யாரோ யாருக்கோ காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது அந்த 6 பைசா வெளியே தெரிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் களியக்காவிளை என்று சொன்னதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. எல்லை ஊர்களில் இருந்தவர்கள் இந்தத் திடீர்க் கட்டணத்தை எல்லாருக்கும் முன்பே அனுபவித்துவிட்டார்கள். சந்தையில் நின்று பேசிக்கொண்டிருப்போம். கைப்பேசி கேரளத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். கால் தமிழ்நாட்டில், கட்டணம் ரோமிங்கில். இலவசமாக வர வேண்டிய அழைப்புக்கு நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 பைசா வரை பிடிக்க 2013 வரை இடமிருந்தது. பிறகு 75 பைசா, 2015இல் 45 பைசா என்று உச்சவரம்பு இறங்கியது. பாறசாலையிலிருக்கும் என் மனைவியின் அக்கா அழைத்தால், நாங்கள் களியக்காவிளையில் இருக்கும் நாளில் எடுக்காமல் விட்டு, குழித்துறைக்கு வந்த பிறகு திருப்பி அழைப்போம். இதனால் ஒரு சாவுச் செய்தி முக்கால் மணி நேரம் தாமதமாகத் தெரிய வந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் இன்றும் பேச்சு உண்டு.

ஏப்ரல் 3

நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லி நால்வர் எழுதியிருக்கிறார்கள். தொலைபேசி வழக்கு அங்கே நிற்காது என்று ஒருவர் மறுத்திருக்கிறார். மறுப்பவர் சொல்வது பழைய நிலை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, தொலைபேசி பில் தகராறுகள் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், நுகர்வோர் ஆணையங்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு எதிரான புகார்களை விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் என் தகராறு இப்போது 99 ரூபாயும் அதன் வரியும் சேர்ந்த 116 ரூபாய் 82 பைசா. தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு இரண்டு முறை போய் வந்து ஒரு சாப்பாடும் சாப்பிட்டால் அது தீர்ந்துவிடும். நிறுவனங்கள் இந்தப் பேருந்துக் கணக்கையும் போட்டுத்தான் தொகையைத் தீர்மானிக்கின்றனவோ என்று ஒரு கணம் தோன்றியது.

ஏப்ரல் 9

லேண்ட்லைனைத் துண்டித்து 40 ரூபாயை மிச்சப்படுத்தலாம் என்று வீட்டில் சொன்னேன். அக்காவிடம் தினமும் மாலையில் அரை மணி நேரம் பேசுவதற்கு 40 ரூபாய் கூடுதல் இல்லை என்றும், பாறசாலைக்கு ஒரு முறை போய் வந்தாலே அதைவிட ஆகும் என்றும் பதில் வந்தது. கைப்பேசியில் பேசலாமே என்றேன். ‘அதை நீங்கள்தான் ரீசார்ஜ் செய்ய மறந்து சாக விட்டீர்கள்’ என்றாள். உண்மைதான். உள்வரும் அழைப்பு 2003 முதல் இலவசம் என்று மேலே பெருமையாக எழுதினேனே, 2018 இறுதியில் சில நிறுவனங்கள் மாதம் 35 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்யாவிட்டால் உள்வரும் அழைப்பையும் நிறுத்திவிடுவோம் என்று கொண்டுவந்தன. கட்டணம் இல்லை, ஆனால் கதவு மூடப்படும். அந்த ‘மாதம்’ என்பதும் 28 நாள். ஆண்டுக்குப் பன்னிரண்டு அன்று, பதின்மூன்று ரீசார்ஜ். 30 நாள் வேலிடிட்டி உள்ள திட்டம் ஒன்றையாவது தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் சொன்னது. டேட்டா வேண்டாத முதியவர்களுக்காக, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் தர வேண்டும் என்பது 2024 டிசம்பரில்தான் வந்தது.

லேண்ட்லைன் இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. முடிவு என்னுடையது அன்று.

மோடத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாகர்கோவிலில் 1,800 ரூபாய்க்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன். வாடகையும் வரியுமாக மாதம் 88 ரூபாய் 50 பைசா என்று பார்த்தால் இருபத்தொரு மாதத்தில் முதல் திரும்பிவிடும்.

ஏப்ரல் 26

மேல்முறையீட்டின் முடிவு நேற்று வந்தது. கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகவே. பொழுதுபோக்குத் தொகுப்பின் கட்டணம் 116 ரூபாய் 82 பைசா அடுத்த பில்லில் கழிக்கப்படும், ‘நல்லெண்ண அடிப்படையில்’. ஒப்புதல் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கங்களுக்கும் அந்தச் சொற்களில்தான் பதில். தவறு என்று ஒப்புக்கொள்ளாமல் பணத்தைத் தருகிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால் இந்தச் சொல்லை எடுக்கச் செய்திருக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான். பேரன் ரிமோட்டை அழுத்திய பாதிப் பழிக்கு நல்லெண்ணம் என்ற பெயர் பொருந்தும் என்று விட்டுவிட்டேன்.

மே 17

யாரும் சிரிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை மாலை, மலைப் பக்கமிருந்து வந்த கோடை மழையில் இடி மிக அருகில் விழுந்தது. வீட்டில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை, டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து வாரம் முன்பு வாங்கிய 1,800 ரூபாய் மோடம் கருகிவிட்டது. மின்னலுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று கடைக்காரர் அட்டையைக் காட்டினார். இந்த முறை அட்டையைப் படிக்காமல் விட்டதும் நான்தான்.

வாடகை மோடமாக இருந்திருந்தால் நிறுவனமே மாற்றித் தந்திருக்கும் என்று கேபிள்காரத் தம்பி சொன்னார். அதாவது மாதம் 75 ரூபாய் என்பது வெறும் வாடகை அன்று. மலையடிவாரத்தில் இருக்கிறவனுக்கு அது இடிக்கான காப்பீடும் ஆகும். மார்ச் 9ஆம் தேதி நான் எழுதியதை இப்போது படித்தால் அந்த வரியின் மீது அவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. சொல்லிவிட்டுப் போட்டிருந்தால் நானே கேட்டு வாங்கியிருப்பேன்.

ஜூன் 11

மே 20ஆம் தேதி புதிய வாடகை மோடம் வந்தது. புதிய படிவத்தில், முதல் ஆறு மாதங்களுக்கு வாடகை இல்லை என்று மீண்டும் அதே எறும்பு வரிசை. இம்முறை கேபிள்காரத் தம்பியைத் திண்ணையில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, இரண்டு பக்கங்களையும் முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். சுவரிலிருக்கும் நாள்காட்டியில் நவம்பர் 20ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.

ஜூன் மாத பில் இன்று வந்தது: 599ம் 40ம், வரியுடன் 754 ரூபாய் 2 பைசா. மார்ச்சிலேயே அச்சிட்ட பில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கான 50 ரூபாயும் பில்லிலிருந்து போய்விட்டது. ஆனால் தாள் மட்டும் மாதந்தோறும் அஞ்சலில் வந்துகொண்டிருக்கிறது. இதை யாரும் அவர்களுக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டாம். முதுகில் பால் கணக்கு எழுதியாகிவிட்டது.